கரடி கண்ணாடி வரைக்கும் வந்தாச்சு

பட்டாணி: ...இல்ல டீச்சர், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இன்னைக்கும் அதே கரடிதானே?

டீச்சர்: அதே கரடிதான். முதல்ல உக்காரு. பந்து மேல இல்ல, ஸ்டூல்ல.

பட்டாணி: காத்துப் போன பந்துதானே டீச்சர். மெத்துனு இருக்கு.

டீச்சர்: விளையாட்டுச் சாமான் ரூமா இருந்தாலும் இன்னைக்கு இங்க பரீட்சை நடக்குது. எந்திரி.

பட்டாணி: பரீட்சையா? போன தடவை நீங்கதானே சொன்னீங்க, "பரீட்சை கிரீட்சைன்னு பயப்படாதீங்க, ஒரு நிமிஷம் சும்மா படிச்சுக் காட்டுறதுதான்"னு...

டீச்சர்: வாய்... வாய்! உனக்குப் பட்டாணின்னு பேர் வச்சவங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். சட்டியில போட்ட மாதிரி வெடிச்சுக்கிட்டே இருக்க.

பட்டாணி: வச்சது அந்த ஒட்டடைக்குச்சி, டீச்சர். நான் குட்டையாம். அவன் மட்டும் என்னவாம்? நாலாங்கிளாஸ் போறதுக்குள்ள ஃபேன்ல இடிச்சுக்குவான். அதான் நானும் அவனுக்கு ஒரு பேர் வச்சேன்.

டீச்சர்: உங்க பேர் வைக்கிற விழாவை அப்புறம் வச்சுக்கலாம். இப்ப என்ன பண்ணப் போறோம்னு ஞாபகம் இருக்கா?

பட்டாணி: தெரியாமலா! வருஷ ஆரம்பத்துல ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, இப்ப முடியிறப்போ ஒரு தடவை. அதே கதை. ஒரே ஒரு நிமிஷம். மணி அடிச்சா நிறுத்தணும். எந்த வார்த்தையில நிறுத்துறேனோ அங்க நீங்க கோடு போடுவீங்க. தப்பா படிச்சா சின்னதா ஒரு சுழி. பாக்காத மாதிரி போடுவீங்க, ஆனா எங்களுக்குத் தெரியும்.

டீச்சர்: அட! எதுக்குக் கோடு போடுறேன்னும் தெரியுமா?

பட்டாணி: நாங்க எவ்வளவு வளந்திருக்கோம்னு பாக்க. ஆனா நீங்க வார்த்தையை எண்ணுறீங்க டீச்சர். நாங்க அப்படி எண்ண மாட்டோம்.

டீச்சர்: பின்ன?

பட்டாணி: கரடி எங்க நிக்குதுன்னு பாப்போம்.

டீச்சர்: ...என்னது?

பட்டாணி: ஆமா டீச்சர். முதல் தடவை நான் கதையில வர்ற தையல்கடை வாசல்லயே நின்னுட்டேன். கரடி உள்ளயே வரல, மணி அடிச்சிடுச்சு. போன தடவை... போன தடவை விடுங்க. மைக்செட் இருக்கான்ல, கத்தி கத்திப் பேசுவானே, அவன் போன தடவை அளவு நாடாவுல தொங்கிட்டு நின்னான். இன்னைக்குத் திரைச்சீலையைத் தாண்டிட்டானாம். வெளிய வந்ததும் வராண்டா பூரா கேக்குற மாதிரி கத்தினான், "திரை கிழிஞ்சிடுச்சு, திரை கிழிஞ்சிடுச்சு"ன்னு.

டீச்சர்: அடப்பாவிங்களா! அது அதுக்குத்தானா? நான் என்னமோ ஏதோன்னு ஓடிப் போய் ஜன்னலைப் பாத்துட்டு வந்தேன்!

பட்டாணி: தையல்காரர் ஒளியிற மேசைக்கடியிலயே யாராவது நின்னுட்டா நாங்க சத்தம் போட மாட்டோம் டீச்சர். அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. "வெளிய வந்துடலாம் வா"ன்னு சொல்லி, லஞ்ச் டைம்ல உக்கார வச்சு எதையாவது படிக்க வைப்போம்.

டீச்சர்: யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு இதெல்லாம்?

பட்டாணி: யாரும் சொல்லல. கதை பாதியில நின்னா அப்படித்தானே பண்ணுவாங்க?

டீச்சர்: எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. நான் கலர் கலரா கோடு போட்டு, ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட விளக்கம் சொல்லி, தொண்டை வத்திப் போய் நிக்கிறேன். இவங்க கரடியை வச்சே முடிச்சிட்டாங்க.

பட்டாணி: டீச்சர்... ஆரம்பிக்கலாமா? சீக்கிரம். அவன் வெளிய நிக்கிறான்.

டீச்சர்: யாரு?

பட்டாணி: ஒட்டடைதான். எனக்கு அடுத்தது அவன். கதவுக் கண்ணாடியில பாருங்க, மூக்கு தெரியுது.

டீச்சர்: தம்பி! மூக்கை எடு. கூப்பிடும்போது வந்தா போதும்... சரி. பேப்பர் இந்தா. ரெடியா? வாட்சை அமுக்குறேன்... ம்!

பட்டாணி: "காட்டோரத்தில்ஒருதையல்கடைஇருந்ததுஒருநாள்காலைகடைக்குள்ஒருகரடிவந்தது..."

டீச்சர்: நிறுத்து, நிறுத்து, நிறுத்து!

பட்டாணி: என்ன டீச்சர்? தப்பா?

டீச்சர்: தப்பே இல்ல. ஆனா கண்ணு எங்க இருக்கு?

பட்டாணி: ...பேப்பர்ல.

டீச்சர்: கண்ணு ஃபேன்ல இருக்கு கண்ணு. ஃபேன்லயா எழுதியிருக்கு?

பட்டாணி: அது... கொஞ்சம் தானா மனப்பாடம் ஆயிடுச்சு டீச்சர். நாங்க தினமும் பேசுறோம்ல.

டீச்சர்: எனக்கு நீ ஒப்பிக்கிறது வேணாம், படிக்கிறது வேணும். கண்ணு எழுத்து மேல இருக்கட்டும்.

பட்டாணி: விரல் வச்சுக்கட்டுமா?

டீச்சர்: இந்தத் தடவையாவது விரலை எடேன். விரலுக்குக் கீழ இருக்குற வார்த்தை மட்டும்தான் தெரியுது உனக்கு. அடுத்த வரி என்ன, பக்கம் எங்க முடியுதுன்னு ஒண்ணும் தெரியல.

பட்டாணி: விரல் எடுத்தா வரி தாவிடுமோன்னு பயமா இருக்கு... சரி. கையைக் கட்டிக்கிறேன். இன்னைக்கு நான் முடிவு வரைக்கும் போயே ஆகணும் டீச்சர்.

டீச்சர்: அப்படி என்ன அவசரம்?

பட்டாணி: ...ஒண்ணுமில்ல. அமுக்குங்க.

டீச்சர்: ம்!

பட்டாணி: "காட்டோரத்தில் ஒரு தையல்கடை இருந்தது. ஒரு நாள் காலை கடைக்குள் ஒரு கரடி வந்தது. தையல்காரர் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். 'பயப்படாதீர்கள், எனக்கு ஒரு சட்டை வேண்டும்' என்றது கரடி. தையல்காரர் நடுங்கிக்கொண்டே அளவு எடுத்தார். அளவு நாடா... அளவு நாடா பாதி வயிற்றைக்கூடத் தாண்டவில்லை..." ஹிஹி...

டீச்சர்: சிரிக்காதே, நேரம் போகுது!

பட்டாணி: ஒவ்வொரு தடவையும் வருது டீச்சர்! "கடையில் இருந்த துணி எல்லாம் தீர்ந்துபோனது. கடைசியில் ஜன்னல் திரையையும் கழற்றித் தைத்தார். கரடி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றது. இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு தையல்காரரின் காதருகே குனிந்து மெதுவாக ஒன்று சொன்னது. அதைக் கேட்டதும் தையல்காரர்..." டீச்சர், பக்கம் முடிஞ்சிடுச்சு! திருப்புறேன்...

டீச்சர்: மணி அடிச்சாச்சு!

பட்டாணி: அடிக்கவே இல்ல!

டீச்சர்: இதோ... அடிக்குது பாரு.

பட்டாணி: நீங்க அமுக்கினீங்க! நான் பாத்தேன்! கட்டைவிரலால அமுக்கினீங்க!

டீச்சர்: விடு, பேப்பரை விடு. கிழிஞ்சிடும்.

பட்டாணி: ஒரே ஒரு வரி டீச்சர்! நேரத்துல சேர்க்க வேண்டாம், கோடு முன்னாடியே போட்டுக்குங்க. நான் சும்மா பாத்துட்டுக் குடுத்துடறேன்!

டீச்சர்: கூடாதுன்னா கூடாது. அம்மாடி, எவ்வளவு அழகா படிச்சே தெரியுமா? முதல் தடவை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசல்லயே நின்ன பொண்ணு, இன்னைக்குப் பக்கத்தையே முடிச்சிட்டே! மூணாங்கிளாஸ்ல இதுவரைக்கும் ஒருத்தர்கூட கடைசி வார்த்தையைத் தொட்டதில்ல. எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. போ, வெளிய போய் நீயும் கத்து.

பட்டாணி: என்னத்தைக் கத்துறது... என் கதை முடிஞ்சுது.

டீச்சர்: ஏய், என்ன இது? கண்ணுல தண்ணி? இவ்வளவு நேரம் குதிச்சுக்கிட்டு இருந்தே!

பட்டாணி: அடுத்தது அவன் வருவான் டீச்சர். அவன் திருப்பிடுவான். நோட்டீஸ் போர்டையே ஒரே மூச்சுல படிக்கிறவன். முடிவைப் படிச்சிட்டான்னா நான் செத்தேன்.

டீச்சர்: அவன் படிச்சா உனக்கு என்ன? ...பட்டாணி. என்னைப் பாரு. போன தடவை என்னமோ "விடுங்க"ன்னியே. என்ன நடந்துச்சு?

பட்டாணி: திட்ட மாட்டீங்களே?

டீச்சர்: திட்டுவேன். இருந்தாலும் சொல்லு.

பட்டாணி: போன தடவை நான்தான் முதல் ஆளா கண்ணாடி வரைக்கும் வந்தேன்ல? காதருகே குனிஞ்சதும் மணி அடிச்சிடுச்சு. வெளிய போனா கிளாஸ் மொத்தமும் நிக்குது. "கரடி எங்க? கரடி எங்க?"ன்னு. "காது வரைக்கும் போயிடுச்சு"ன்னேன். "காதுல என்ன சொல்லுச்சு?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் என் வாயையே பாத்துட்டு நிக்கிறாங்க டீச்சர். தெரியாதுன்னு சொல்ல எனக்கு... வரல.

டீச்சர்: சொல்லிட்டியா?

பட்டாணி: சொல்லிட்டேன். முடிவு வரைக்கும் படிச்சிட்டேன்னு சொல்லி, நானே ஒண்ணு விட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் தினமும் சொல்லச் சொன்னாங்க. ரெண்டாங்கிளாஸ்ல இருந்தெல்லாம் வந்து கேட்டுட்டுப் போனாங்க. நடிச்சுக்கூடக் காட்டினேன்.

டீச்சர்: சரிதான்! கச்சேரியே நடந்திருக்கு. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல.

பட்டாணி: இப்ப அவன் உள்ள வந்து நிஜ முடிவைப் படிச்சா, நான் சொன்னது பொய்யின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். காலையில இருந்து என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறான் டீச்சர். அந்தச் சிரிப்பே சரியில்ல.

ஒட்டடை: டீச்சர்... வரட்டுமா?

டீச்சர்: இருடா, கூப்பிடுறேன்!

ஒட்டடை: இல்ல... எனக்கு... க்ஹும்... க்ஹும்... இருமல் வர்ற மாதிரி இருக்கு. அதான் சொல்லி வைக்கலாம்னு.

டீச்சர்: தண்ணி குடிச்சிட்டு நில்லு! பாவம், போன தடவையும் இப்படித்தான். காத்து மாதிரி படிச்சிட்டு வந்தான், கண்ணாடிகிட்ட வந்ததும் ஒரே இருமல். முதுகைத் தட்டித் தட்டி என் கை வலிச்சதுதான் மிச்சம். அங்கயே கோடு போட வேண்டியதாப் போச்சு.

பட்டாணி: இன்னைக்கும் அதே இடத்துல வரணும்னு வேண்டிக்கட்டுமா?

டீச்சர்: ஏய்!

பட்டாணி: சும்மா சொன்னேன்.

டீச்சர்: சரி... அப்படி என்னதான் சொல்லுச்சு உன் கரடி?

பட்டாணி: உங்களுக்கு எதுக்கு டீச்சர்? உங்களுக்குத்தான் நிஜமே தெரியுமே.

டீச்சர்: சொல்லேன். நானும் கேக்குறேன்.

பட்டாணி: காதைக் குடுங்க. அவன் ஒட்டுக் கேப்பான்... "சட்டை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா நான் குட்டிதான். எங்க அம்மா வெளிய நிக்கிறாங்க. அவங்களுக்கும் ஒண்ணு தைக்கணும்."

டீச்சர்: அப்புறம்?

பட்டாணி: அதைக் கேட்டதும் தையல்காரர் மறுபடியும் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டாரு. அவ்வளவுதான்... டீச்சர்? என்னாச்சு டீச்சர்? ஏன் மேசையில தலையை வச்சுட்டீங்க? அழுறீங்களா?

டீச்சர்: குட்டியாம்... ஐயோ... கடைத்துணி பூரா தீத்துட்டு... குட்டியாம்! ஐயோ, வயிறு வலிக்குதுடி!

பட்டாணி: சிரிக்கிறீங்களா! நிஜ முடிவு இதைவிட நல்லா இருக்குமா டீச்சர்?

டீச்சர்: இரு... மூச்சு விட்டுக்கிறேன்... அம்மா வெளிய நிக்கிறாங்களாம்! சரி. இந்தா பேப்பர். திருப்பிப் பாரு.

பட்டாணி: நிஜமாவா? மணி அடிச்ச பிறகு தொடக்கூடாதுன்னீங்க?

டீச்சர்: திருப்பு.

பட்டாணி: ...டீச்சர். வேற பேப்பர் குடுத்துட்டீங்க போல. இதுல ஒண்ணுமே இல்ல.

டீச்சர்: அதே பேப்பர்தான்.

பட்டாணி: வெள்ளையா இருக்கு!

டீச்சர்: வெள்ளையாத்தான் இருக்கும். கதையை எழுதினதே நான்தான். கண்ணாடி வரைக்கும் கொண்டுவந்து நிறுத்திட்டேன், அதுக்கு மேல ஒண்ணும் ஓடல. பேனாவைக் கடிச்சுக் கடிச்சு மூடி தேஞ்சதுதான் மிச்சம். போகட்டும், மூணாங்கிளாஸ் பசங்க ஒரு நிமிஷத்துல இவ்வளவு தூரம் எங்க வந்துடப் போறாங்கன்னு அப்படியே விட்டுட்டேன்.

பட்டாணி: நாங்க வர மாட்டோம்னு நெனச்சீங்களா?

டீச்சர்: நெனச்சேன். உங்க கிளாஸ்ல உக்காந்து வருஷம் பூரா பாடம் நடத்திட்டு, அப்படி நெனச்சிருக்கேன் பாரு. எனக்கே வெக்கமா இருக்கு.

பட்டாணி: அதான் கட்டைவிரலால அமுக்கினீங்களா!

டீச்சர்: அதான் அமுக்கினேன்.

பட்டாணி: அப்போ... நான் மாட்டிக்கிட்டேனா, தப்பிச்சிட்டேனா?

டீச்சர்: நாம ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டோம். அடுத்தது அவன் வரான். உன்னை மாதிரியே பக்கத்தை முடிச்சான்னா நான் என்ன சொல்லுவேன்? வாட்சை இன்னொரு தடவை அமுக்கினா அவன் சும்மா விடுவானா?

பட்டாணி: விட மாட்டான். எனக்காவது வாய்தான். அவன் பேசாம நின்னு பாத்துட்டே இருப்பான், அதுதான் பயமா இருக்கும்.

டீச்சர்: பேனா எங்க? நான் காதுல சொருகியிருந்தேனே...

பட்டாணி: இன்னும் காதுலதான் இருக்கு டீச்சர்.

டீச்சர்: சொல்லு. மெதுவா சொல்லு. எனக்குக் கிடைக்காத முடிவு உனக்குக் கிடைச்சிருக்கு. இனிமே இதுதான் கதை.

பட்டாணி: நிஜமாவே எழுதப் போறீங்களா? நான் சொன்னதையா? பேப்பர்லயா?

டீச்சர்: குதிக்காதே, மேசை ஆடுது! "மறுபடியும் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார்." அப்புறம்?

பட்டாணி: கரடி என்ன சொல்லுச்சுன்னு எழுதணும்ல. "கரடி சொன்னது இதுதான்"னு போடுங்க. ரெண்டு புள்ளி வைங்க. "சட்டை மிகவும் அழகு. ஆனால் நான் குட்டி." டீச்சர், "குட்டி"க்கு முன்னாடி "வெறும்" போடலாமா?

டீச்சர்: வேண்டாம், "குட்டி"யே போதும். அதுதான் நச்சுனு இருக்கு.

பட்டாணி: "அம்மா வெளியே நிற்கிறார்." "அம்மா"வை மட்டும் பெரிய எழுத்துல எழுதுங்க. பெரிய கரடில்ல!

டீச்சர்: கையெழுத்தே ஆடுது, சிரிப்பை அடக்க முடியல... முடிஞ்சுது. ஊது, ஊது!

பட்டாணி: ஃபூ... ஃபூ...

டீச்சர்: எச்சில் தெறிக்காம ஊதுடி! சரி, போதும். பாய் மேல போய் உக்காரு. மூச்சு விடக்கூடாது. தம்பி! வாடா உள்ள!

ஒட்டடை: இவ இன்னும் போகலையா டீச்சர்?

டீச்சர்: அவ... பந்து எண்ணிட்டு இருக்கா. நீ உக்காரு. இருமல் எப்படி இருக்கு?

ஒட்டடை: அது... இருக்கு. எப்ப வரும்னு சொல்ல முடியாது.

டீச்சர்: வந்தா நிறுத்தி நிதானமா படி. ரெடியா? ம்!

ஒட்டடை: "காட்டோரத்தில் ஒரு தையல்கடை இருந்தது. ஒரு நாள் காலை கடைக்குள் ஒரு கரடி வந்தது. தையல்காரர் மேசைக்கு அடியில் போய்..."

பட்டாணி: எப்படிப் போறான் பாருங்க!

டீச்சர்: உஷ்!

ஒட்டடை: "...ஜன்னல் திரையையும் கழற்றித் தைத்தார். கரடி புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றது..." க்ஹும்! க்ஹும் க்ஹும் க்ஹும்! டீச்சர்... இருமல்... க்ஹும்... போதும் டீச்சர், இங்கயே கோடு போட்டுடுங்க.

டீச்சர்: நேரம் நிறைய இருக்கு. வாட்சை நிறுத்தி வைக்கிறேன். தண்ணி குடி, தொடர்ந்து படி.

ஒட்டடை: வேண்டாம் டீச்சர். கண்ணாடி போதும் எனக்கு.

டீச்சர்: பக்கத்தை முடிக்கிற நேரத்துல என்னடா இது! ரெண்டே வரி. அப்புறம் திருப்பு.

ஒட்டடை: பின்பக்கம் வேண்டாம் டீச்சர். க்ஹும்.

பட்டாணி: திருப்புடா! பயமா?

ஒட்டடை: நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது. திருப்பச் சொல்லாத.

பட்டாணி: தைரியம் இருந்தா திருப்பிப் பாரு!

ஒட்டடை: ...சொன்னா கேக்க மாட்டியா? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. "...காதருகே குனிந்து மெதுவாக ஒன்று சொன்னது. அதைக் கேட்டதும் தையல்காரர்..." திருப்புறேன்... "மறுபடியும்..."

டீச்சர்: என்ன, நின்னுட்டே? படி.

ஒட்டடை: "மறுபடியும் மேசைக்கு அடியில் போய்... ஒளிந்துகொண்டார். கரடி சொன்னது இதுதான்: சட்டை மிகவும் அழகு. ஆனால் நான் குட்டி. அம்மா வெளியே நிற்கிறார்."

பட்டாணி: பாத்தியா! பாத்தியா! நான் சொன்னதேதான்! போய் எல்லார்கிட்டயும் சொல்லு!

டீச்சர்: சபாஷ்டா! முழுக் கதையும் முடிச்சிட்டே! இருமலும் ஓடிப் போச்சே!

ஒட்டடை: ம்... டீச்சர், என் விரலைப் பாருங்க. நீலமா ஆயிடுச்சு. மை இன்னும் காயல.

டீச்சர்: அது... வந்து...

ஒட்டடை: பரவால்ல டீச்சர். போன தடவை நீங்க பென்சில் சீவிட்டு இருந்தப்பவே நான் திருப்பிப் பாத்துட்டேன், இங்க ஒண்ணுமே இல்ல. அவ சொன்னது நல்லா இருந்துச்சு... அதான் இருமினேன்.